ஹார்டு டிஸ்குக்குப் போட்ட போன்

ஊர் கூடி இழுத்த தேர் – பகுதி 11

1991 முடியப்போகிற சமயம். ஹெல்சிங்கியில் ஒரு மாணவர் தன் ஹார்டு டிஸ்குக்கு போன் போட்டார்.

வேண்டுமென்று போடவில்லை. பல்கலைக்கழகக் கணினியோடு இணைய, ‘இந்த எண்ணைச் சுழற்று’ என்ற கட்டளை மோடத்துக்குப் போயிருக்க வேண்டும். சாதனத்தின் பெயரைத் தட்டும்போது கை மாறிவிட்டது. கட்டளை டிஸ்குக்குப் போய்ச் சேர்ந்தது. டிஸ்குக்கு எண் சுழற்றத் தெரியாது. வந்த எழுத்துகளை வாங்கித் தன் மேலேயே எழுதிக்கொண்டது. எழுதின இடத்தில் மினிக்ஸ் என்ற இயங்குதளம் குடியிருந்தது. அது காலி.

மாணவர் பெயர் லினஸ் டோர்வால்ட்ஸ். மினிக்ஸை மறுபடி நிறுவியிருக்கலாம், ஃபிளாப்பிகள் கையில்தான் இருந்தன. அவர் நிறுவவில்லை. தான் எழுதிக்கொண்டிருந்த அரைகுறைக் கர்னலுக்கே, அதாவது இயங்குதளத்தின் மையக்கருவுக்கே, குடிபெயர்ந்துவிட்டார். கூரை வேயாத வீட்டுக்குப் பால் காய்ச்சிய மாதிரி.

சென்ற பகுதியில், ரிச்சர்ட் ஸ்டால்மனின் குனு திட்டம் எல்லா உறுப்புகளையும் செய்துவைத்துக்கொண்டு கர்னலுக்காகக் காத்து நின்றதைப் பார்த்தோம். அந்தக் கர்னல் வந்த கதையை உரிமம், தத்துவம், சுதந்திரம் என்று எழுதியவர்கள் நிறையப் பேர். எனக்கு அது முதலில் ஒரு தொலைபேசிக் கம்பியின் கதையாகப் படுகிறது. லினக்ஸ் அந்தக் கம்பியில் பிறந்தது, அதிலேயே வளர்ந்தது. பிறகு ஊர் ஊராகப் போக முயன்றபோது அதே கம்பியில் மாட்டிக்கொண்டு விழித்தது.

பிறப்பு முதலில். 1991 ஜனவரியில் லினஸ் ஒரு 386 கணினியைத் தவணையில் வாங்கினார். 4 எம்பி நினைவகம். மினிக்ஸ் ஓடியது, ஆனால் அதிலிருந்து மோடம் வழியாகப் பல்கலைக்கழக யுனிக்ஸோடு பேசும் நிரல் அவருக்குத் திருப்தியாக இல்லை. சொந்தமாக ஒன்று எழுதினார். அதில் இரண்டே வேலைகள். ஒன்று விசைப்பலகையைப் படித்து மோடத்துக்குத் தள்ளும். மற்றது மோடத்தைப் படித்துத் திரையில் காட்டும். இரண்டும் மாறி மாறி ஓட வேண்டும். அவ்வளவுதான், இயங்குதளம் எழுதுகிற எண்ணமெல்லாம் இல்லை.

கோவணத்தை எலி கடிக்கிறது என்று பூனை வளர்த்து, பூனைக்குப் பால் வேண்டும் என்று பசு வாங்கிய சாமியார் கதைதான் பிறகு நடந்தது. பல்கலைக்கழகக் கணினியிலிருந்து கோப்பு இறக்க ஆசை வந்தது. இறக்கினதை வைக்க டிஸ்க் டிரைவர் வேண்டும். வைத்ததைத் தேடியெடுக்க ஃபைல் சிஸ்டம் வேண்டும். இரண்டையும் எழுதி முடித்துவிட்டுப் பார்த்தால், மோடத்தோடு பேச வந்த நிரல் இயங்குதளமாக உட்கார்ந்திருந்தது.

ஆகஸ்ட் 25 அன்று மினிக்ஸ் ஆட்களிடம் தகவல் சொன்னார். செப்டம்பர் 17-ல் 0.01 தயார். ஃபின்லாந்தின் கல்வி வலையமைப்பான ஃபுனெட்டின் கோப்பு வழங்கியில் அதை ஏற்றி வைத்தவர் ஆரி லெம்கே. லினஸ் வைத்திருந்த பெயர் ‘ஃப்ரீக்ஸ்’. லெம்கேவுக்கு அது பிடிக்கவில்லை, கோப்புறைக்கு ‘லினக்ஸ்’ என்று தானே பெயரிட்டுவிட்டார். குழந்தைக்கு வார்டு நர்ஸ் பெயர் வைத்த கதை.

அந்த 0.01-ல் சுமார் பத்தாயிரம் வரிகள். சுருக்கிய கோப்பு 100 கேபியைக்கூட எட்டாது. அன்றைய சாதாரண 2400 பிட் மோடத்தில்கூட ஆறேழு நிமிடத்தில் வீட்டுக்கு வந்துவிடும். ‘லினக்ஸை டயல்-அப்பில் இறக்கினேன்’ என்று ஒருவர் அலட்டிக்கொள்ளாமல் சொல்லியிருக்கக் கூடிய காலம் அது ஒன்றுதான். வந்ததை வைத்து எதுவும் செய்ய முடியாது என்பது வேறு விஷயம். அதைக் கம்பைல் செய்யவே மினிக்ஸ் தேவைப்பட்டது.

சீக்கிரமே அட்லாண்டிக் கடலுக்கு அடியில் நெரிசல். ஃபின்லாந்துக்கும் அமெரிக்காவுக்கும் இடையே இருந்த இணைப்பு மெலிந்தது. ஒவ்வொரு அமெரிக்கரும் ஹெல்சிங்கி வரை கைநீட்டி எடுப்பது அபத்தம் என்று எம்ஐடியில் இருந்த தியோடர் சோ அங்கே ஒரு கணினியில் நகல் வைத்தார். லினக்ஸுக்கு வட அமெரிக்காவில் அமைந்த முதல் நகல் கிடங்கு அது. இன்று உலகம் முழுக்க இருக்கும் லினக்ஸ் ‘மிரர்’ வழங்கிகளின் வம்சம் இப்படித்தான் தொடங்கியது.

அடுத்த இரண்டு வருடத்தில் தேர் கனத்துப் போயிற்று. கர்னல் மட்டும் போதாது. ஷெல், கம்பைலர், எடிட்டர், எக்ஸ் விண்டோஸ், வலையமைப்புக் கருவிகள் எல்லாம் வேண்டும். 1992 பிப்ரவரியில் மான்செஸ்டர் கணினி மையத்தின் ஓவன் லெ பிளாங்க் இவற்றில் சிலவற்றைச் சேர்த்துக் கட்டிக் கொடுத்தார். அதே வருடம் பீட்டர் மெக்டொனால்டின் எஸ்எல்எஸ் என்ற தொகுப்பு வந்தது. எஸ்எல்எஸ் புகழ்பெற்றதற்குக் காரணம் அதன் வசதி. நினைவில் நிற்பதற்குக் காரணம் அதன் பிழைகள். அந்தப் பிழைகளால் எரிச்சலடைந்த இரண்டு பேரிடமிருந்துதான் இன்றுவரை உயிரோடிருக்கும் இரண்டு மிகப் பழைய லினக்ஸ் தொகுப்புகளும் வந்தன. ஒருவர் இயான் மர்டாக். அவருடைய டெபியனுக்குப் பின்னால் வருவோம். இன்னொருவர் மினசோட்டா மாநிலத்தின் மூர்ஹெட்டில் படித்துக்கொண்டிருந்த பாட்ரிக் வோல்கர்டிங். பாடத்துக்காக ஒரு லிஸ்ப் மொழிபெயர்ப்பி தேவைப்பட்டு எஸ்எல்எஸ் பக்கம் போனவர், அதன் ஓட்டைகளை அடைத்து அடைத்து, 1993 ஜூலை 17-ல் தன் பிரதியை ஸ்லாக்வேர் 1.0 என்று வெளியிட்டார்.

ஸ்லாக்வேர் 1.0 என்பது 24 ஃபிளாப்பிகள். 1994 அக்டோபரில் வந்த 2.1 என்பது 73 ஃபிளாப்பிகள். பதினைந்தே மாதத்தில் மும்மடங்கு.

இந்த 73 என்ற எண்ணோடு கொஞ்ச நேரம் உட்கார வேண்டும். ஒரு 1.44 எம்பி ஃபிளாப்பியில் 14,74,560 பைட்டுகள். அந்த வருடம் வசதியான வீட்டில் இருந்தது 14,400 பிட் மோடம். ஒரு பைட்டுக்குத் தொடக்க பிட், முடிவு பிட் சேர்த்துப் பத்து பிட் என்று வைத்தால் நொடிக்கு 1,440 பைட். ஒரு ஃபிளாப்பிக்கு 1,024 நொடி, அதாவது பதினேழு நிமிடம். 73 ஃபிளாப்பிக்குக் கிட்டத்தட்ட 21 மணி நேரம். பழைய 2400 மோடம்தான் இருக்கிறது என்றால் ஐந்து நாளைத் தாண்டும், இடையில் ஒரு நொடிகூட இணைப்பு அறுபடாமல் இருந்தால். ஐந்து நாள் அறுபடாத தொலைபேசி இணைப்பை நான் பார்த்ததில்லை. மோடம் தயாரித்தவர்கள் ‘எங்கள் மோடம் தரவைச் சுருக்கி அனுப்பும், வேகம் இரட்டிப்பாகும்’ என்று பெட்டியின் மேல் அச்சடித்திருந்தார்கள். லினக்ஸ்காரர்களுக்கு அதில் ஒரு பைசா லாபமில்லை. அவர்கள் இறக்கிய கோப்புகள் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை. பிழிந்த கரும்பை மறுபடி ஆலையில் கொடுத்தால் என்ன வரும்?

வோல்கர்டிங்கின் தொகுப்பு இந்த இடத்தில்தான் தன் புத்தியைக் காட்டியது. ஃபிளாப்பிகள் எழுத்து வரிசைப்படி கட்டுகளாக இருந்தன. ஏ கட்டு அடிப்படை, அது இல்லாமல் எதுவும் ஓடாது. ‘என்’ கட்டு வலையமைப்பு. டி நிரலாளர்களுக்கு. இ முழுக்க ஈமாக்ஸ் என்ற ஒரே எடிட்டருக்கு. டெக் அச்சுக்கோப்புக்கு ஒரு கட்டு, எக்ஸ் என்பது சாளரங்கள், விளையாட்டுக்கு ஒய். மளிகைக்கடைச் சீட்டு மாதிரிதான். கையில் எவ்வளவு நேரமும் எவ்வளவு டிஸ்கும் இருக்கிறதோ அதற்கேற்பச் சீட்டை எழுதிக்கொள்ளலாம். இன்று ‘பேக்கேஜ்’ என்று சொல்லி இயங்குதளத்தைத் துண்டு துண்டாக நிறுவுகிறோமே, அந்தப் பழக்கம் மென்பொருள் தத்துவத்திலிருந்து மட்டும் வரவில்லை என்பது என் கட்சி. ஒவ்வொரு துண்டும் ஒரு ஃபிளாப்பிக்குள் அடங்க வேண்டும், ஒரு ராத்திரிக்குள் இறங்க வேண்டும் என்ற நெருக்கடியும் அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறது.

வேலை நடந்த விதம் இது. டாஸில் உட்கார்ந்து இறக்குவார்கள். பூட் டிஸ்க், ரூட் டிஸ்க் என்ற இரண்டை மட்டும் ‘ராரைட்’ என்ற சின்ன நிரல் கொண்டு பிம்பமாக எழுத வேண்டும். மற்றவை சாதாரண டாஸ் காப்பிதான். பிறகு பூட் டிஸ்கைப் போட்டுக் கணினியைக் கிளப்பி, பார்ட்டிஷன் பிரித்து, கேட்கிற வரிசையில் ஃபிளாப்பிகளை ஊட்ட வேண்டும். டிரைவ் கரகரவென்று படிக்கும். சில சமயம் கரகரப்பின் சுருதி மாறும். அந்தச் சுருதி மாற்றம் கேட்டவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். படிக்க முடியாத செக்டர் என்று அர்த்தம். ஒரு கட்டின் நடுவில் ஒரு டிஸ்க் கெட்டால் திரும்ப டாஸுக்குப் போய், திரும்ப போன் போட்டு, அந்த ஒரு டிஸ்கை மட்டும் திரும்ப இறக்க வேண்டும். டாஸை ஏற்கெனவே அழித்துவிட்டவர்களுக்கு நண்பர் வீடுதான் கதி.

மோடம் மாதிரியே முக்கியமானது மீட்டர். அமெரிக்காவில் உள்ளூர் அழைப்புக்குப் பெரும்பாலும் மாத வாடகை மட்டும். ராத்திரி முழுக்க மோடத்தை ஓடவிட்டுத் தூங்கப் போகலாம். ஐரோப்பாவின் பல நாடுகளிலும் இந்தியாவிலும் உள்ளூர் அழைப்புக்கும் மீட்டர் ஓடியது. ஒரே லினக்ஸ், ஒரே மோடம். ஆனால் ஒரு ஊரில் தூக்கம் மட்டும் கெடும், இன்னொரு ஊரில் மாதக் கடைசியில் அப்பாவிடம் பில்லைக் காட்ட வேண்டும். நேரடி இணைப்பே இல்லாமல் மின்னஞ்சல் மட்டும் இருந்தவர்கள் இன்னும் பாவம். அவர்களுக்காக ‘எஃப்டிபி மெயில்’ என்று ஒரு சேவை இருந்தது. கோப்பின் பெயரை எழுதி அஞ்சல் அனுப்பினால், அதை எழுத்துகளாக மாற்றி, துண்டு போட்டு, அஞ்சல்களாக அனுப்பிவைக்கும். மூன்று பைட் நான்கு எழுத்தாவதால் கோப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊதிவிடும். முப்பது அஞ்சலில் பதினேழாவது வராமல் போனால் மற்ற இருபத்தொன்பதும் குப்பை.

குறுகிய கம்பியால் கடுப்பானவர்களில் ஒருவர் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் இருந்தார். ஆண்ட்ரூ டிரிட்ஜெல். விண்டோஸ் கணினிகளோடு கோப்பு பகிர உதவும் சாம்பாவை எழுதியவர். பெரிய கோப்புகள் மோடம் வழியாக ஊர்ந்து போவதைப் பார்த்துக்கொண்டு ஆயிரக்கணக்கான மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன் என்ற பொருளில் தன் முனைவர் பட்ட ஆய்வேட்டில் எழுதியிருக்கிறார். அந்த எரிச்சலின் விளைவு 1996 ஜூனில் வெளிவந்த ஆர்சிங்க்.

அதன் யோசனை ரொம்ப அழகு. உங்களிடம் ஒரு பத்திரத்தின் பழைய பிரதி இருக்கிறது. தூரத்து வக்கீலிடம் திருத்திய பிரதி. முழுப் பத்திரத்தையும் போனில் வாசித்துக் காட்டச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் பிரதியைச் சம அளவுத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் கணக்குப் போட்டு ஓர் அடையாள எண் எடுத்து, எண்களை மட்டும் சொல்கிறீர்கள். வக்கீல் தன் பிரதியின் மேல் அதே அளவுச் சட்டத்தை எழுத்து எழுத்தாக நகர்த்திக்கொண்டே போய், எண் ஒத்துப்போகும் இடத்தில் ‘இது உங்கள் ஏழாவது துண்டு’ என்கிறார். ஒத்துப்போகாத வரிகளை மட்டும் வாசிக்கிறார். பத்திரத்தின் நடுவில் ஒரு வரி புதிதாகச் சேர்ந்து எல்லாமே தள்ளிப்போயிருந்தாலும் சட்டம் நகர்வதால் குழப்பமில்லை. இதை அவரோடு சேர்ந்து செய்தவர் பால் மெக்கெராஸ். மோடம் வழியாக இணையத்தில் சேர லினக்ஸ் பயன்படுத்திய பிபிபி நிரலைப் பராமரித்தவரும் அதே மெக்கெராஸ்தான். கம்பியின் இடுக்கண் அறிந்தவர்.

ஆர்சிங்க்குக்கு முன்பே கர்னல்காரர்கள் வேறொரு சிக்கன வழியில் பழகியிருந்தார்கள். லாரி வால் 1985-ல் எழுதிய ‘பேட்ச்’ அது. புதுப் பதிப்பு வந்தால் முழு மூலத்தையும் இறக்காமல் முந்தைய பதிப்புக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் இறக்கி, வீட்டிலிருக்கும் பிரதியில் ஒட்டு போடலாம். 1994 மார்ச் 14-ல் 1.0 வந்தபோது கர்னல் 1,76,250 வரியாகிவிட்டது. ஒட்டு போடும் வசதி இல்லாமல் அந்த வேகத்தில் பதிப்புகள் வெளியிட்டிருந்தால் வீட்டு மோடக்காரர்கள் பாதியிலேயே கையைத் தூக்கியிருப்பார்கள். 1996-ல் குரோவேஷியாவின் ஹர்வோயே நிக்ஷிச் எழுதிய ‘டபிள்யுகெட்’ இன்னொரு வரம். இணைப்பு அறுந்தால் அது பதறாது. காத்திருந்து மறுபடி முயலும், விட்ட இடத்திலிருந்து தொடரும். தொண்ணூறு சதவீதத்தில் அறுந்து சுழியிலிருந்து தொடங்கியவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

இனி நம் ஊர்.

1995 ஆகஸ்ட் 15 அன்று அரசு நிறுவனமான விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தது. முதலில் மும்பை, டெல்லி, கல்கத்தா, சென்னை. இரண்டு வகைக் கணக்குகள். படங்களோடு உலாவ விலை உயர்ந்த டிசிபி/ஐபி கணக்கு; மாணவர்களுக்கு மலிவு விலையில் ஷெல் கணக்கு. ஷெல் கணக்கில் திரையில் எழுத்து மட்டும்தான் வரும். உலாவ லிங்ஸ், அஞ்சலுக்குப் பைன். வீட்டுக் கணினி இணையத்தில் சேராது. விஎஸ்என்எல் கணினிதான் சேர்ந்திருக்கும், நாம் அதன் வாசலில் நிற்போம். ஒரு கோப்பு வேண்டுமென்றால் முதலில் அந்தக் கணினிக்கு வரவழைத்து, அங்கே ஒதுக்கிய கையளவு இடத்தில் வைத்து, பிறகு ஸீமோடம் நெறிமுறையில் வீட்டுக்கு இழுத்து, அங்கிருந்து அழித்து, அடுத்ததற்கு இடம் பண்ண வேண்டும். கிணற்றிலிருந்து தொட்டி, தொட்டியிலிருந்து குடம். இந்த வழியில் 73 ஃபிளாப்பியை யோசித்துப் பாருங்கள்.

ஷெல் கணக்கை அப்போது எல்லோரும் இளக்காரமாகத்தான் பேசினார்கள். ஆனால் கறுப்புத் திரையில் கட்டளை தட்டிப் பழகியவர்களுக்கு லினக்ஸின் கறுப்புத் திரை பயம் தரவில்லை. காசில்லாதவன் கணக்குதான் யுனிக்ஸ் பள்ளிக்கூடமாக இருந்தது.

1996-ல் பிசிக்வெஸ்ட் பத்திரிகை தன் இதழோடு ஸ்லாக்வேர் சிடியைச் சேர்த்துக் கொடுத்தது. அதன் பின்னால் நின்றவர்களில் முக்கியமானவர் பெங்களூரின் அதுல் சிட்னிஸ். இணையத்துக்கு முன்பே மோடம் வழி அறிக்கைப் பலகை நடத்தியவர், அதனால் கம்பி எவ்வளவு தாங்கும் என்பது அவருக்குத் தெரியும். ஒரு சிடி 650 எம்பி. பின்னாளில் வந்த 56 கே மோடத்தில், நல்ல கம்பியில் நொடிக்கு 4 கேபி என்று வைத்தால்கூட, அதை இறக்க 46 மணி நேரம் ஆகும். பத்திரிகைக் கடையில் அது சில நூறு அடி தூரத்தில் தொங்கியது. கடைக்காரரிடம் ‘சிடி உள்ளே இருக்கா?’ என்று இதழைத் தடவிப் பார்த்து வாங்கிய காலம். அமெரிக்காவில் ஆடம் ரிக்டரின் இக்டிராசில், கலிஃபோர்னியாவின் வால்நட் கிரீக் நிறுவனம் என்று சிடி வியாபாரம் முன்பே தொடங்கியிருந்தது. இங்கே அது வியாபாரமாக வரவில்லை, பத்திரிகையின் இலவச இணைப்பாக வந்தது, ஷாம்பு பாக்கெட் போல. மீட்டர் ஓடுகிற நாட்டில் அதுதான் சரியான வழி. பின்னர் அதே பத்திரிகை ரெட் ஹேட் என்ற தொகுப்பைத் தழுவிச் சொந்தப் பதிப்பே வெளியிட்டது. 2003 பிப்ரவரியில் லினக்ஸுக்கென்றே ‘லினக்ஸ் ஃபார் யூ’ வந்தது, அதுவும் சிடியோடு.

சிடி கைமாறியது. ஒரு கல்லூரி விடுதிக்கு ஒரு சிடி வந்தால் போதும். சென்னையில் லினக்ஸ் பயனர் குழு ஐஐடி வளாகத்தில் கூடியது. கணினியைத் தூக்கிக்கொண்டு நண்பர் வீட்டுக்குப் போய் நிறுவிக்கொண்டு வந்தவர்களும் உண்டு. டயல்-அப்பில் லினக்ஸ் நிறுவிய வரலாறு என்று கிளம்பினால், பாதி வரலாறு டயல்-அப்பைச் சுற்றிக்கொண்டு போன வழிகளாகத்தான் இருக்கிறது.

சரி, சிடி கிடைத்தது. நிறுவியாயிற்று. இனி லினக்ஸிலிருந்து இணையத்துக்குப் போக வேண்டும். இங்கேதான் அசல் கூத்து.

வெளி மோடம் இருந்தவர்கள் அதிர்ஷ்டசாலிகள். கம்பியைச் செருகி, பிபிபிக்கு ஓர் ‘உரையாடல்’ கோப்பு எழுதினால் ஆயிற்று. நாடக வசனம் போலத்தான் அது: எதிராளி இதைச் சொன்னால் நீ அதைச் சொல். மோடத்துக்கு டயல் கட்டளை. பழைய எக்ஸ்சேஞ்சாக இருந்தால் டோனுக்குப் பதில் பல்ஸ். நம்மூர் டயல் டோனை அடையாளம் தெரியாமல் மோடம் முழித்தால், டோனுக்குக் காத்திருக்காதே என்று ஒரு கட்டளையைச் சேர்க்க வேண்டும். மறுமுனை ‘லாகின்’ என்று கேட்கும். அதன் முதல் எழுத்து ஆங்கிலத்தில் பெரியதாக வருமா சிறியதாக வருமா என்பது வழங்கிக்கு வழங்கி மாறும். எனவே முதல் எழுத்தை விட்டுவிட்டு மிச்சத்துக்கு மட்டும் காத்திருக்கும்படி எழுதுவார்கள். ‘பாஸ்வேர்டு’ என்பதிலும் பின்பாதி மட்டும். இந்தத் தலை வெட்டின சொற்களைப் பார்த்து அச்சுப்பிழை என்று திருத்தி, இணைப்பு வராமல் தவித்தவர்கள் உண்டு. நானும் திருத்தினேன். 1998-ல் வந்த ‘டபிள்யுவிடயல்’ இந்த நாடகத்தைத் தானே யூகித்து நடத்தியது. பலருக்கு அது கோயில் கட்டும் அளவுக்கு உபகாரம்.

உள் மோடம் இருந்தவர்கள் கதை வேறு. எண்ணை ஒலியாக்குவதும் ஒலியை எண்ணாக்குவதும்தான் மோடத்தின் வேலை. பழைய மோடத்துக்குள் அதற்கென்று சிப் இருந்தது. 1990களின் பின்பாதியில் விலையைக் குறைப்பதற்காகச் சிப்பை எடுத்துவிட்டு வேலையைக் கணினியின் பிராசசர் தலையில் கட்டினார்கள். அதைச் செய்கிற மென்பொருள் விண்டோஸுக்கு மட்டும். ‘வின்மோடம்’ என்று பெயர். மலிவு கணினிகளில் எல்லாம் அதுதான். லினக்ஸின் கண்ணுக்கு அது மோடமே அல்ல. போன் ஒயர் செருகுகிற ஓட்டை உள்ள ஒரு தகடு.

அதற்கு டிரைவர் எங்கே கிடைக்கும்? இணையத்தில். இணையத்துக்கு எப்படிப் போவது? மோடத்தில். சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதை. எனவே கணினியை அணைத்து விண்டோஸில் கிளப்பி, போன் போட்டு, தேடி, டிரைவரை சி டிரைவில் இறக்கி, அணைத்து, லினக்ஸில் கிளப்பி, விண்டோஸ் பார்ட்டிஷனை மவுன்ட் செய்து, எடுத்து, கம்பைல் செய்தால், கர்னலின் மூலக்கோப்புகள் இல்லை என்று சொல்லும். அவற்றை சிடியில் தேடி நிறுவினால், டிரைவர் வேறு கர்னல் பதிப்புக்கு என்று சொல்லும். அணைத்து, விண்டோஸ், மறுபடி போன். ஒவ்வொரு சுற்றிலும் பிழைச்செய்தியைத் தாளில் எழுதிக்கொண்டு போக வேண்டும், இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குச் செய்தி கொண்டுபோக வேறு வாகனமில்லை. லூசன்ட் சிப் உள்ள மோடங்களுக்குக் கடைசியில் ஓரளவு வேலை செய்யும் டிரைவர் கிடைத்தது. கோனெக்ஸன்ட் சிப்புகளுக்கு லினக்ஸன்ட் என்ற நிறுவனம் டிரைவர் தந்தது: இலவசமாக வேண்டுமென்றால் 14.4 வேகம், முழு வேகம் வேண்டுமென்றால் காசு. 56 கே மோடம் வாங்கிய ஒருவர் 2004-ல் உட்கார்ந்து 1994-ன் வேகத்தில் இறக்கிக்கொண்டிருந்தார். அதே நிறுவனம் தன் டிரைவரின் உரிம வரியில் குனு உரிமமான ‘ஜிபிஎல்’ என்று எழுதி, உடனே ஒரு முற்றுக் குறியை ஒளித்து வைத்து, மிச்ச நிபந்தனை கர்னலின் கண்ணில் படாமல் செய்ததையும் அந்த வருடம்தான் கண்டுபிடித்தார்கள். பெரிய ரகளை.

மீதிப் பேருக்கு வெளி மோடம் வாங்குவதைத் தவிர வழியில்லை. லினக்ஸ் இலவசம், அதை இணையத்தில் சேர்க்கத்தான் காசு.

டெபியனுக்கு வருவதாகச் சொன்னேன். ஃபிளாப்பியில் தொடங்கி மிச்சத்தை நேராகக் கம்பி வழியே நிறுவுவதற்குத் தைரியம் கொடுத்தது அதுதான். 2000-ல் வந்த 2.2 பதிப்பில், பதினைந்துக்கும் மேற்பட்ட ஃபிளாப்பிகளில் அடிப்படையை மட்டும் ஏற்றி, பிபிபியைப் பொருத்தி, பிறகு ‘ஆப்ட்’ மூலம் வேண்டியதை வரவழைக்கலாம். ஆப்ட் கண்ணியமான ஆள். வேலையைத் தொடங்கும் முன் இத்தனை எம்பி இறக்க வேண்டியிருக்கும், சம்மதமா என்று கேட்கும். மனக்கணக்கு உடனே ஓடும்: ஒரு எம்பிக்கு நாலு நிமிடத்துக்கு மேல், 38 எம்பி என்றால் இரண்டே முக்கால் மணி நேரம், இப்போது மணி பதினொன்று. ஒய் தட்டுவார்கள். நடுவில் யாராவது அடுத்த அறையில் ரிசீவரை எடுத்து ‘என்ன இரைச்சல்?’ என்பார்கள். இணைப்பு அறுந்துபோகும். மறுபடி போன் போட்டால், வந்ததைப் பத்திரமாக வைத்திருந்து மிச்சத்தை மட்டும் ஆப்ட் கேட்கும்.

டெபியன் முழுவதையும் இப்படி இழுத்தவர் யாரும் இருக்க முடியாது. 2005 ஜூனில் வந்த 3.1 பதினான்கு சிடிகள். நமது நொடிக்கு 4 கேபி கணக்கில் 27 நாள், ராப்பகலாக.

அதற்குள் தென்னாப்பிரிக்கரான மார்க் ஷட்டில்வொர்த் டெபியனின் மேல் உபுண்டுவைக் கட்டி, 2004 அக்டோபரில் வெளியிட்டு, ‘ஷிப்இட்’ என்று ஒரு காரியமும் செய்தார். முகவரியைக் கொடுத்தால் சிடி வீட்டுக்கு வரும். காசு இல்லை, தபால் செலவும் இல்லை. பத்து கேட்டாலும் அனுப்பினார்கள். அந்த விண்ணப்பத்தை நிரப்ப டயல்-அப்பில் இரண்டு நிமிடம் போதும். சில வாரங்கள் கழித்து தபால்காரர் கொண்டுவந்து கொடுத்த அட்டை உறையில் இரண்டு சிடிகள், ஒன்று நிறுவ, ஒன்று நிறுவாமலே ஓட்டிப் பார்க்க. தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு, வெளிநாட்டு முத்திரையைக் காட்டி, உள்ளே என்ன என்று கேட்டார். சாஃப்ட்வேர் என்றேன். எவ்வளவு என்றார். சும்மா என்றேன். அவர் நம்பவில்லை.

2011 ஏப்ரலில் ஷிப்இட் மூடப்பட்டது.

(தேர் நகரும். அடுத்த பகுதி: இயான் மர்டாக் விட்டுச்சென்ற டெபியன்)